பெரியம்மா வீட்டுக் கத்தரிக்காய்

ஞாயிறு, இரவு.

வயிறு இன்னும் எரிகிறது. மதியம் தருமபுரியில் என் கணவரின் அண்ணன் வீட்டில் சாப்பாடு. என் மகள் யாழினி கத்தரிக்காய்ப் பொரியலைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள். எங்கள் வீட்டில் கத்தரிக்காயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறவள்.

"புள்ள நல்லாத்தானே துன்னுது! உனக்குத்தான் செய்யத் தெரியல கண்ணு" என்று ஓரகத்தி சிரித்தார். அவர் வயலில் ஒருநாளும் குனிந்ததில்லை. நானும் சிரித்துவைத்தேன். "எப்படிங்கக்கா செஞ்சீங்க?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் யாழினியைப் பிடித்துக்கொண்டேன். "எங்கிட்ட மட்டும் ஏண்டி அடம் புடிக்கிற?"

"பெரியம்மா வூட்டுக் கத்தரிக்காயில புழு இல்லம்மா."

அது எங்கள் தோட்டத்துக் காய். நேற்று நான் பறித்துத் தரம் பிரித்தது. பளபளப்பானதெல்லாம் மண்டிக்குப் போனது. அதிலும் பொறுக்கியெடுத்த காயை, "அண்ணன் வூட்டுக்குப் போவுது, பாத்துப் போடு" என்று என் கணவர் சொன்னதால் பையில் போட்டேன். எங்கள் சட்டிக்குச் சொத்தைக் காய். புழு அரித்த இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைப்பேன். விளைவிக்கிற வீட்டில் எப்போதும் இதுதான் நியாயம். பெயர் மட்டும் அக்காவின் கைப்பக்குவத்துக்கு.

விடிந்தால் மண்டிக்குப் போக, இன்று மாலை பறித்த காய் மூட்டையாக வாசலில் நிற்கிறது. சற்றுமுன் போய்க் கட்டை அவிழ்த்தேன். மேலாக இருந்த நல்ல காயாக ஒரு முறம் எடுத்து வந்துவிட்டேன். எடை குறைகிறதே என்று காலையில் அவர் கேட்பார்.

கேட்கட்டும். யாழினி தட்டைக் காட்டுகிறேன்.