நிலா எழும்வரை நின்ற புளியமரம்

என் செல்லத் தம்பி டேனியலுக்கு,

“அக்கா, ஒரு மரத்தைச் சாயங்காலம் வரைக்கும் எப்படிக் காப்பாத்துறது?” என்று அன்று என்னைக் கேட்டாய். அதற்குமேல் காப்பாற்ற வழியில்லை என்று உனக்கே தெரியும். பெருங்களத்தூரில் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நீ ஓயாமல் வரைந்த புளியமரத்தின் முறை வந்துவிட்டது.

யூதர்கள் மரங்களுக்கென்று ஒரு புத்தாண்டு கொண்டாடுகிறார்கள் என்று ஓவிய முகாமில் கேள்விப்பட்டு வந்திருந்தாய். எந்த மாதத்தில் பிறந்த பிள்ளையானாலும் ஜூனில் ஒரே நாளில் அடுத்த வகுப்புக்குப் போகிறதல்லவா? அதுபோல, அன்று எல்லா மரங்களுக்கும் ஒரு வயது கூடும். அந்த ஆண்டு அது இங்கே தைப்பூசத்தன்று வந்தது. மாலையில் நிலா எழும்போது அவர்களுக்கு நாள் பிறக்கும். “அந்த வயசையும் வாங்கிட்டுப் போகட்டும்க்கா” என்றாய்.

காடாத் துணியை அடிமரத்தில் சுற்றிக் கரியால் தேய்த்து, பட்டையின் வரிகளை எடுக்கத் தொடங்கினாய். மேஸ்திரி கத்தினார். “லாரி நிக்குது சார், ஒதுங்குங்க!”

“இன்னிக்கு இதுக்குப் பொறந்தநாள்ங்க.”

கிளைமேல் ரம்பத்தோடு இருந்தவர் சிரித்தார். “மரத்துக்கா? கேக் எங்க கீது வாத்தியாரே?”

வெயில் சாய்வதற்குள் கிளைகள் எல்லாம் போய்விட்டன. கயிறு கட்டி இழுக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். அடிமரத்தின் ஒரு பக்கம் ரம்பம் இறங்கியது, மறுபக்கம் நீ.

“டேய், வந்துடுடா!” என்று அலறினேன்.

“இரு அக்கா, இன்னும் கொஞ்சம்தான்.”

அப்போதுதான் தாம்பரம் பக்கமிருந்து காவடிக் கூட்டம் சாலை நிறைய வந்தது. மேஸ்திரி பதறினார். “நிறுத்துடா! இப்ப சாய்ச்சா சாமி மேலயே வுழும்!”

கூட்டம் கடந்து முடிவதற்குள் மின்கம்பிகளுக்கு மேலே நிலா வந்துவிட்டது. நீ கரிக் கையால் மரத்தைத் தட்டி, “ஹேப்பி பர்த்டே” என்றாய். பிறகு நீயாகவே விலகினாய். மரம் விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ?

நீ இல்லாத முதல் தை இது. அந்தத் துணி சர்ச் ஹாலில் தொங்குகிறது. “வெறும் கரியா இருக்கே, படம் எங்க டீச்சர்?” என்கிறார்கள் பார்க்க வருபவர்கள். ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ரம்பம் இறங்கியபோது மரம் அதிர்ந்ததில் உன் கோடு அங்கே துள்ளியிருக்கிறது. கிட்டே வந்து குனிந்து பார்க்கிறார்கள்.

இனி தைப் பௌர்ணமிதோறும் ஒரு மரத்தையாவது நான் துணியில் எடுப்பேன். என் கைக்கு உன் கோடு வராது, பரவாயில்லை.

இந்தக் கடிதத்தையும் துணியின் பக்கத்திலேயே ஒட்டிவைக்கிறேன். இதைப் படிப்பவர்களே, நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் தெரு மரத்தில் ஒரு தாளை வைத்துக் கரியால் தேயுங்கள், மரம் நிற்கும்போதே.

உனக்கு மூத்தவள்,
ரூத் அக்கா