வெள்ளச்சி வட்டை

ஆவணி, வெள்ளி இரவு.

வாத்தியாராக இருந்த அப்பா ஊர் ஊராய்ப் போய்த் திரட்டிய வரலாற்றுக் குறிப்புகளை, பார்த்துவிட்டுத் தருவதாகக் கொண்டுபோன விரிவுரையாளன் இன்று வந்தான். அவற்றைத் தன் பெயரில் புத்தகமாக்கிவிட்டான். அப்பாவின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

"அக்கா, நாளைக்கு வெளியீட்டுக்குக் கட்டாயம் வாங்க. முன்வரிசையில இடம் வச்சிரிக்கன்."

"ஓம் தம்பி, வாறன்."

அவன் போனதும், தந்துவிட்டுப்போன புத்தகத்தைப் புரட்டினேன். வெள்ளச்சி வட்டை இருந்தது! வெள்ளச்சி என்ற அரசியின் வயல்நிலமாம். நேரில் போய் ஆராய்ந்தானாம்.

வெள்ளச்சி எங்கள் பசு. "களவெடுக்கிறவன் இதில மாட்டுவான், புள்ள" என்று சிரித்தபடி, இல்லாத வட்டையொன்றை அப்பாதான் குறிப்புகளுக்குள் எழுதிவைத்தார்.

நல்ல சேலையாக எடுத்து வைத்திருக்கிறேன். நாளை முன்வரிசையில் எழுந்து, சபையறிய, அந்த வட்டைக்கு எந்தப் பக்கத்தால் போவது என்று கேட்பேன்.