பெங்களூருக்கு நானே பேசினேன்

கச்சிராயபாளையம்
11.9.1987

அன்புள்ள அண்ணனுக்கு மணிமொழி வணக்கத்துடன் எழுதுவது.

இடம் கிடைத்துவிட்டது அண்ணா! பெங்களூர் நர்சிங் பள்ளியிலிருந்து நேற்று கடிதம் வந்தது. நான்கு முறை இங்கிலீஷில் படித்தேன். ஐந்தாம் முறை அம்மாவுக்காகத் தமிழில் படித்தேன். இருபத்தொன்றாம் தேதி சேர வேண்டும். தாமதமானால் முன்பே போனில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கீழே தனியாக டைப் அடித்திருக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான். இட ஒதுக்கீடு கேட்டுப் பதினேழாம் தேதியிலிருந்து ஏழு நாள் சாலை மறியல். அப்பாவும் உட்காரப் போகிறார். "பஸ்ஸு இன்னா, சைக்கிள்கூடப் போவாது" என்கிறார். விடுதி இருபத்தொன்றில்தான் திறக்கும். முன்னமே போய்த் தங்க அங்கே நமக்கு யாரும் இல்லை.

நீ சென்னை ஆபீசில் தினமும் இங்கிலீஷில் போன் பேசுகிறவன். எனக்காக ஒருமுறை பேசு. எனக்குப் படிக்க வரும், எழுத வரும், வாயால் பேசியதே இல்லை. எங்கள் இங்கிலீஷ் டீச்சரே "மை டியர் சில்ட்ரன்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, "பொஸ்தகத்த எடுங்கடி" என்பார்.

உன் தங்கை
மணிமொழி


சென்னை
14.9.1987

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

கடிதம் கிடைத்தது. பெங்களூருக்குப் பேசிவிட்டேன். இனி அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். தபாலாபீசுக்குப் போய் நீயாக எதையும் பேசி வைக்காதே. எழுதுகிற இங்கிலீஷ் வேறு, பேசுகிற இங்கிலீஷ் வேறு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சின்னதுரை மாமா மகன் வெங்கடேசனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல பையன். அம்மாவிடம் சொல்.

உன் அண்ணன்
சுபாஷ்


கச்சிராயபாளையம்
20.9.1987

அண்ணா,

இந்தக் கடிதம் எப்போது கிளம்பும் என்று தெரியாது. கள்ளக்குறிச்சிச் சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடக்கின்றன. தபால் பை மூன்று நாளாக நகரவில்லை. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

பேசிவிட்டேன் என்று எழுதினாய். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. எந்தத் தேதி வரை பொறுப்பார்கள் என்று கேட்கத்தான் நேற்று தபாலாபீசுக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டர் அரங்கநாதன் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்து, "மூணு நிமிசந்தான் பாப்பா, சுருக்கா பேசு" என்றார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் லீவு லெட்டர். அதையே மாற்றி எழுதி எடுத்துப் போயிருந்தேன். "ஃப்ரம், வி. மணிமொழி, டாட்டர் ஆஃப் வீரமுத்து" என்று தொடங்கி ஊர், தாலுக்கா, மாவட்டம் எல்லாம் சொன்னேன். "ஹூ இஸ் ஸ்பீக்கிங்?" என்றது ஒரு பெண் குரல். ஏதோ விட்டுவிட்டேன் என்று பயந்து மறுபடி ஃப்ரமிலிருந்து படித்தேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி படித்தேன். ஒருவழியாக "சப்ஜெக்ட்" வரைக்கும் வந்தபோது லைன் போய்விட்டது.

கவர் வாங்க வந்த ஜெயம்மாள் அக்கா சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இன்னாடி, அட்ரஸ் சொல்லிக்கினே கீற? ஸ்டாம்பும் ஒட்டிடு!"

நீ சொன்னது சரிதான், சிரித்தார்கள். சிரித்ததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. "சார், இன்னொரு கால் போடுங்க" என்றேன். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. "மணிமொழி. மை சீட். ரோடு பிளாக். செவன் டேஸ். ப்ளீஸ் கீப் மை சீட்." அந்த அம்மாள் ஏதோ நோட்டைப் புரட்டினார். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உன் அண்ணன் பேசினார், உனக்கு இடம் வேண்டாம் என்று சொன்னார்.

காதால் கேட்டு எனக்கு முழுதாகப் புரிந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான் அண்ணா.

"நோ மேடம்! பிரதர் நாட் ஸ்டூடண்ட். ஐ ஆம் ஸ்டூடண்ட். ஐ வான்ட்." கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஜெயம்மாள் அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, இருபத்தெட்டாம் தேதி வரை இருக்கும் என்றார் போனில் அந்த அம்மாள். தேதியை இரண்டு முறை சொல்ல வைத்துக் குறித்துக்கொண்டேன்.

அப்பா தார் ரோட்டில் உட்கார்ந்து, "எங்க புள்ளைங்களுக்கு எடம் குடு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருகிறார். கிடைத்த ஓர் இடத்தை நீ நாற்காலியில் உட்கார்ந்தபடி திருப்பிக் கொடுத்தாய். அவரிடம் சொன்னேன். பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கை கழுவிவிட்டு, "பொட்டிய கட்டு. மறியல் முடிஞ்சதும் நானே பஸ் ஏத்துறன்" என்றார்.

வெங்கடேசனுக்கு என் வாழ்த்தைச் சொல். வேறு எதுவும் சொல்லாதே.

மணிமொழி


சென்னை
26.9.1987

மணிமொழி,

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆபீசில் முதல் வருடம் போன் மணி அடித்தால் நான் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்வேன். யாருக்கும் இதைச் சொன்னதில்லை. தெரியாத ஊரில் நீ அப்படி நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். வெங்கடேசன் வீட்டிலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

மீறிப் போனால் இனி எனக்கு எழுதாதே.

சுபாஷ்


பெங்களூர்
4.10.1987

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

சேர்ந்துவிட்டேன். விடுதியில் முறை வைத்துப் போன் எடுக்கிறோம். நேற்று என் முறை. மணி அடித்ததும் எனக்கும் கழிப்பறை ஞாபகம்தான் வந்தது. போகவில்லை. எடுத்தேன். தப்பும் தவறுமாகத்தான் பேசினேன். கேட்டவருக்கு வேண்டிய ஆள் வந்து சேர்ந்தாள்.

உனக்கு அந்த முதல் வருடத்தில் பக்கத்தில் வந்து நிற்க யாரும் இல்லை என்பது எனக்கு வருத்தம். அதற்காக நீ செய்ததைச் சரி என்று சொல்லமாட்டேன். நீ கொடுத்த வாக்கை நீயே போய்த் திருப்பி வாங்கு.

ஞாயிறு நாலிலிருந்து ஐந்து மணிக்குள் இங்கே பேசலாம். போன் எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எடுப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷில் என் பெயரைச் சொல்லிக் கேள், கூப்பிடுவார்கள்.

என்னைப் பற்றிப் பேசுவதென்றால் என்னிடம் பேசு.

மணிமொழி