மீட்டர் காட்டாத தூரம்

நேற்று சாயங்காலம் தில்லை நகரில் என் ஸ்கூட்டர் பஞ்சர் ஆகிவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு டயர் கடை வாசலில் நிறுத்தினேன். உள்ளே புது டயர்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எரிச்சல்தான் வந்தது. எத்தனை சனிக்கிழமை இந்த வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்து, கையைக்கூடக் கழுவாமல், "ஸ்டெல்லா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்திருப்பீர்கள்! மற்ற பெண்களுக்குப் புருஷன் சட்டையில் மல்லிகை வாசம் வந்தால் வயிறு எரியும். எனக்கு ரப்பர் வாசம் வந்தாலே போதும்.

உங்களோடு ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் கார் வாங்கினார்கள். நீங்கள் கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு பழைய ஜீப். சரி, குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்வர உதவும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அது வந்த உயரத்திலேயே இருந்திருந்தால் நம் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

காதர் வந்தார். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் பழைய டயர் வியாபாரம் செய்கிறவர், உங்களைவிடச் சின்னவர், அவரும் ஒரு ஜீப் வைத்திருந்தார். ஜீப்பைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, "அண்ணே, மலையேறணும்னா இதைத் தூக்கணும்ணே" என்றார். அன்றைக்கு உங்கள் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, நம் கல்யாண ஃபோட்டோவில்கூட அது இல்லை.

தூக்குவதற்கென்று கம்பெனிக்காரர்கள் விற்கும் செட் நமக்குக் கட்டுப்படியாகாது என்றீர்கள். அதனால் நீங்கள் இரண்டு பேரும் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கினீர்கள். ஏதோ ஒரு உடைந்த வேனின் அடியில் பாரம் தாங்கும் கமான் பட்டையை எடுத்து வந்து, அளவு பார்த்து வெட்டி, நம் ஜீப்பின் பட்டைகளோடு ஒன்றாகச் சேர்த்தீர்கள். பட்டையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக லேத்தில் அடித்து வாங்கினீர்கள். வண்டி உயர்ந்ததும் பிரேக் ஓஸ் எட்டவில்லை. அதற்கு ஒரு வாரம். பிறகு காதர் எங்கிருந்தோ நாலு பெரிய டயர் உருட்டிக்கொண்டு வந்தார். தரையைப் பிடிக்கும் பட்டன் பாதி தேய்ந்தவை. அவற்றை மாட்டினால் வளைக்கும்போது மட்கார்டில் உரசியது. மட்கார்டையே வெட்டினீர்கள். ஒரு பெண்டாட்டிக்காக இவ்வளவு மெனக்கெட்ட ஆணை நான் திருச்சியில் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து, கழற்றிய பழைய டயர்களைச் சாக்கில் கட்டி ஷெட்டில் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "எப்படி இருக்கு?" என்றீர்கள். "நான் எப்படி ஏறுறது?" என்று கேட்டேன். நீங்களும் காதரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். புடவை கட்டின ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது உங்கள் இரண்டு பேருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் உங்கள் ஆபீசர் வீட்டுக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நம் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு என்னை ஏற்றினீர்கள். பட்டுப்புடவையோடு ராணி மாதிரி உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். பொய் சொல்லவில்லை, அந்த உயரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்து வாசலில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது, ஸ்டூல் வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்று. "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு நீங்கள் தெருத்தெருவாக ஸ்டூல் தேடிப் போய்விட்டீர்கள். நாதஸ்வரக்காரர் உட்பட வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு வீட்டு மாமி தன் முக்காலியையே எடுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்து, "மெதுவா காலை வையுங்கோ, முகூர்த்தத்துக்கு இன்னும் நாழி இருக்கு" என்று என் கையைப் பிடித்து இறக்கினார். நீங்கள் சிரித்தீர்கள். நான் திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் நல்ல பிள்ளையாக, "உனக்கு ஒரு படி வெல்டு வச்சுத் தரேன்" என்றீர்கள். காதர் வந்து, "படி வச்சா கல்லுல இடிக்கும்ணே" என்றார். படி வரவில்லை. எனக்குக் கோபம் படி வராததற்கா? இல்லை. அவர் பேச்சு எடுபட்டதே, அதற்கு.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் தனியாகப் போனேன். ஞாயிறுதோறும் நீங்கள் கிளம்பும் மலைப் பயணத்தில் முன்சீட்டு காதருடையதாகிவிட்டது. நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற மனிதர். பச்சைமலையில் தார்ரோட்டை விட்டுக் கல்லும் மண்ணுமான பாதையில் ஏறக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கினேன். "அடிவாரத்துல டீ குடிச்சிட்டுத் திரும்பிடுவோம்" என்றீர்கள். நம்பினேன் என்றா நினைத்தீர்கள்? நீங்கள் கிளம்பும் முன்னும் வந்து குளிக்கப் போன பின்னும் மீட்டரைப் பார்ப்பேன். அடிவாரம் போய்வரும் தூரம்தான் காட்டும். என் புருஷன் சொன்ன சொல் மாறவில்லை என்று அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி.

பிறகு ஒரு வேலை நாள் காலையில், ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஜீப்பைக்கூடக் குற்றம் சொல்ல முடியாதபடி போய்விட்டீர்கள். அடக்கத்தின்போது காதர் அழுத அழுகையில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த உங்கள் அக்காவே எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பெண்டாட்டி நான் இங்கே இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நினைவுப் பூசை முடிந்த அடுத்த வாரம், பேட்டரி இறங்கிவிடும் என்று ஜீப்பை ஸ்டார்ட் செய்து வைக்கக் காதர் வந்தார். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அதைத் தடவிக்கொண்டே, "மலை மேல ஒரு பாறை இருக்கு அண்ணி. அண்ணன் அது மேல போய்த்தான் நிப்பாரு" என்றார்.

"மலை மேலயா? அடிவாரத்தோட திரும்பிடுவீங்கன்னுதானே சொன்னாரு? நான் மீட்டரே பாத்திருக்கேனே."

காதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "டயரு பெருசு அண்ணி. பெரிய டயரு கம்மியாத்தான் சுத்தும். ஓடுனதைவிட மீட்டர் கொறைச்சுத்தான் காட்டும். நீங்க பாக்குறது அண்ணனுக்குத் தெரியும். 'மலை ஏறுனதை டயரு முழுங்கிடும்டா'ன்னு சிரிப்பாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பொய் சொன்னதற்காக இல்லை. நான் திருட்டுத்தனமாக மீட்டர் பார்ப்பதை வைத்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை. காதர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "உங்களை ஒருநாள் கூட்டிட்டு வரணும்னு அங்க நின்னு சொல்லுவாரு அண்ணி" என்றார். நிஜமோ, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதோ. நிஜமாகவே இருந்தாலும் அவரிடம்தானே சொன்னீர்கள்? என்னிடம் சொல்ல என்ன கேடு?

"இந்த வண்டியை இறக்குங்க" என்றேன்.

"அண்ணி?"

"முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்குங்க. டயரை நீங்களே எடுத்துக்குங்க."

"அண்ணனோட உசுரு அண்ணி இது."

"உசுருதான் போயிடுச்சே காதர்."

அவர் சொன்னபடியே செய்தார். சேர்த்த பட்டையைக் கழற்றி, பழைய ஷேக்கிளைப் போட்டு, சாக்கில் கிடந்த பழைய டயர்களை மாட்டிக் கொடுத்தார். தன் மச்சானை அனுப்பி எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். இப்போது புடவையோடு நானே ஏறுகிறேன், நானே இறங்குகிறேன். ஸ்ரீரங்கம் போனால் அம்மா மண்டபம் வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறேன். வெட்டின மட்கார்டுக்குள் அந்தச் சின்ன டயர் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி இருக்கிறது, போகட்டும். மீட்டர் இப்போது நிஜம் பேசுகிறது. பார்க்கத்தான் எனக்கு அவசியம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காதர் தன் ஜீப்பில் வந்தார். உங்கள் பெரிய டயர்களை அதற்கு மாட்டியிருந்தார். கையில் ஒரு ஸ்டூல்கூடக் கொண்டுவந்திருந்தார். "ஏறுங்க அண்ணி. அண்ணன் நிக்கிற பாறையைக் காட்டுறேன். இருட்டுறதுக்குள்ள வந்துடலாம்" என்றார். அண்ணன் நின்ற பாறை என்று சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.

போக ஆசைதான். கேட்டைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு, "இன்னொரு நாள் பாக்கலாம் காதர்" என்று அனுப்பிவிட்டேன்.

பயம் ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்து, அந்த இடம் எனக்கும் பிடித்துப்போய்விட்டால், இவ்வளவு நாள் நீங்கள் மலை ஏறினது சரிதான் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால் இந்தப் பொறாமையை இப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களோடு சண்டை போட எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.