பனிக்கடலில் நிற்கும் மகளுக்கு என்ன சொல்ல?

இஞ்சாரும் பரமேஸ்,

நீர் போய் ஒரு வருடம் ஆகிறது; உம்முடைய ஆட்டைத்திவசத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. உம்மிடம் கேட்கவேண்டியது ஒன்றிருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

நம் மகள் யாழினி இப்போது வடதுருவக் கடலில் இருக்கிறாள். நீர் போன பிறகு கிடைத்த ஆராய்ச்சி வேலை. கப்பலைப் பனிக்கட்டிக்குள் கொண்டுபோய் எஞ்சினை நிறுத்திவிடுகிறார்கள். கடல் உறைந்து கப்பலைப் பிடித்துக்கொள்கிறது. பனி நகரும் பக்கம் கப்பலும் நகர்கிறது. அவள் இறங்கி நடந்து, ஒவ்வொரு கிழமையும் அதே இடங்களில் துளையிட்டு, பனியின் தடிப்பை அளக்கிறாள். கரடி வருகிறதா என்று பார்க்க ஒருவர் துவக்கோடு கூட நிற்பாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடைக்காரன் சிவம் கேட்டான்:

"அண்ணை, பிள்ளைக்குக் கப்பலிலை என்ன வேலை? சமையலோ?"

"இல்லையடா, ஐஸ் அளக்கிறா."

"அதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ? என்ரை பிரிட்ஜிலையும் கிடக்கு, வந்து அளக்கச் சொல்லுங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முருங்கைக்காயை எடுக்காமலே வந்துவிட்டேன்.

போன கிழமை யாழினி கப்பலிலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, நான் நடக்கிற பாதையிலை பனி வெடிச்சுப் போச்சு. வழிக்கு அடையாளமா நட்ட கொடியெல்லாத்தையும் பிடுங்கி மற்றப் பக்கம் நட்டிருக்கிறம்." பயப்பட ஒன்றுமில்லையாம். திவசத்துக்கு முன் வரும் விமானத்தில் அவள் திரும்பவேண்டும். ஆனால் அவளுக்குப் பதிலாக வரவிருந்தவர் காலை முறித்துக்கொண்டார்.

"நான் வெளிக்கிட்டால் அளக்க ஆளில்லை. இவ்வளவு நாள் அளந்ததும் பாதியிலை நிண்டிடும். அம்மான்ரை திவசமும் நான்தானே செய்யவேணும்? நீங்கள் சொல்லுங்கோ அப்பா. வா எண்டால் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். "பிள்ளைதான் எனக்குச் செய்யவேணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து நீர் சொன்னது காதிலேயே நிற்கிறது. வா என்றால் உம்முடைய ஆசை நிறைவேறும். என் பயமும் தீரும். அதனால்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. யாருக்காக அவளைக் கூப்பிடப் போகிறேன்?

சார்செல் வீட்டில் ஒரு கந்தசஷ்டிக்கு நீர் காய்ச்சலோடு கிடந்தது நினைவிருக்கிறதா? சோற்றைக் குழைத்து வைத்துக்கொண்டு நான் கெஞ்சினேன். "இடையிலை விட்டால் அது விரதமே இல்லையப்பா. தள்ளி வையுங்கோ" என்றீர். தள்ளி வைத்தேன். சூரன்போர் முடியும்வரை பயந்துகொண்டே பக்கத்தில் இருந்தேன்.

யாழினி பிடித்திருப்பதும் அப்படியொரு விரதம்தானா? அல்லது யாரையும் மறுத்துப் பேசத் தெம்பில்லாத நான் எனக்கேற்ற காரணம் தேடுகிறேனா? பனி அவள் காலடியிலேயே வெடித்தால் உமக்கு என்ன பதில் சொல்வேன்?

திவசத்தை நான் செய்கிறேன். ஐயரிடமும் கேட்டுவிட்டேன். உமக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு எனக்கு ஒழுங்காக வராது, பொறுத்துக்கொள்ளும்.

இந்த மலர் அச்சாகி வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். "நில்லு பிள்ளை, முடிச்சிட்டு வா" என்று அவளிடம் சொல்வேன். குரல் நடுங்காமல் சொல்வேன். நடுங்கினால், லைன் சரியில்லை என்று சொல்லிவிடுவேன். இது உமக்கு நான் தரும் வாக்கு.

உம்முடைய மனிசன்,
யாழினியின் அப்பா