நான்கு தோற்பைகள்

முஹர்ரம் 3, ஹிஜ்ரி 1381
அல்-ஹத்வா கிணற்றடி

அன்புள்ள சுவைலிமுக்கு, வஹீபாவின் ஸலாம்.

நாங்களும் ஒட்டகங்களும் நலம். இன்று கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வடக்கு மேய்ச்சலுக்குப் போகிறோம். இரண்டு நாள் தொலைவு. அங்கே கிணறு இல்லை, குடிக்க ஒட்டகப் பால்தான். இந்தக் கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறியிருக்கிறது. காற்று உள்ளே மணலைக் கொட்டாமல் இருக்க, அதன் வாயைத் தோலால் மூடி மேலே மணல் தள்ளியாயிற்று.

அதனால் சையூன் நகரிலிருந்து வரும்போது அத்தனை தோற்பைத் தண்ணீர் சுமக்க வேண்டாம். அந்த இடத்தில் அப்பா வீட்டிலுள்ள என் புத்தகப் பெட்டியை ஏற்றுங்கள். மணமாகி வந்த இந்த ஒரு வருடத்தில் இருக்கிற இரண்டு புத்தகங்களைப் பதினோரு முறை படித்துவிட்டேன். "எழுத்தைத் தின்னா வயிறு ரொம்புமாடீ?" என்கிறார் உங்கள் அக்கா தும்னா.

இந்தக் கடிதத்தை எடுத்துவரும் லாரிக்கார மப்கூத் அவசரப்படுத்துகிறார்.

வஹீபா


முஹர்ரம் 8
சையூன்

அன்பு வஹீபா,

பெட்டியை ஏற்றியதும் ஒட்டகம் முனகியது. "படிக்காத ஒட்டகம் மாப்ளே, கோவிச்சுக்குது," என்றார் உன் அப்பா. நான்கு தோற்பைகளை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

நாளை விடியலில் தனியாகக் கிளம்புகிறேன். அல்-ஹத்வா வரை நான்கு நாள், இடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பதின்மூன்றாம் தேதி காலை அங்கே சேரும்போது கடைசிப் பையும் காய்ந்திருக்கும். பரவாயில்லை. கடைசியாக இறைத்தவர் மூடியிருப்பார் என்ற நம்பிக்கையில்தானே எங்கள் ஆட்கள் மணலில் கால் வைக்கிறார்கள்.

இங்கே காற்று ஒரு மாதிரியாக இருக்கிறது.

சுவைலிம்


முஹர்ரம் 12
வடக்கு மேய்ச்சல்

என் சுவைலிமுக்கு,

உங்கள் கடிதத்தை மப்கூத் இன்று நடந்தே கொண்டுவந்தார். லாரி அச்சு முறிந்து மணலில் கிடக்கிறது. வழியில் தண்ணீருக்காக அல்-ஹத்வாவில் இறங்கினாராம். "வாய் எங்கேன்னே தெரியல தங்கச்சி. காத்து அப்படி. கழியால குத்திப் பாத்தேன், அடிவரைக்கும் மணல். யாரும்மா தெறந்து போட்டது?"

தும்னா என்னைத்தான் பார்த்தார். "நீதானே கடைசியா எறைச்சே?"

நான் மூடவில்லை. இறைத்து முடித்த நேரத்தில் வழிப்போக்கர் இரண்டு பேர் வந்தார்கள். "நாங்க குடிச்சிட்டு மூடிடறோம், நீ போம்மா," என்றார்கள். எனக்குப் புத்தகம் கேட்டு எழுதும் அவசரம். அவர்கள் வார்த்தையை நம்பி, என் கையால் மூடியதுபோல உங்களுக்கு எழுதிவிட்டேன்.

தும்னாவின் கணவர் முசல்லம், இருக்கிற தண்ணீரையும் பாலையும் ஏற்றிக்கொண்டு இப்போதே கிளம்புகிறார். எவ்வளவு விரட்டினாலும் கிணற்றடி சேரப் பதினான்காம் தேதி மாலை ஆகிவிடும். காற்று ஓயவில்லை. தடம் எதுவும் நிற்காது.

கிணற்றைத் தோண்டாதீர்கள். திரும்பி நடக்காதீர்கள். பெட்டியை இறக்கி அதன் நிழலில் படுத்திருங்கள். புத்தகங்களைக் கிழித்து ஒவ்வொரு தாளாகக் காற்றில் விடுங்கள். முசல்லம் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்.

அவர் உங்களைக் கண்டுபிடித்தால்தான் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒரு தாளைக்கூட எனக்காக மிச்சம் வைக்காதீர்கள்.

வஹீபா