இடது காலால் ஒரு உதை

இன்று காலை லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கினேன். இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, நான் பாட்டுக்கு உன் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டேன். பாதிச் சந்து போன பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

நீ கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் காலால் நீவினால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் ஆம்பூர்ச் சந்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற நமக்குப் பிடிப்புக்கா பஞ்சம்? சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றதும் உன் வாசலில் ஒவ்வொருவராகக் குப்புறப் படுப்பார்கள். வலது காலால் மூன்று தரம் நீவி, கடைசியில் செல்லமாக ஒரு உதை கொடுப்பாய். பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் பலிக்காது என்பாய்.

"எங்க மாமியாரையும் கூட்டினு வர்றேன். அவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பலமா வுடு" என்பேன் நான்.

"உன் வாய்க்குத்தான்டி ஒண்ணு வுடணும்."

சர்க்கரை அந்தக் காலையே தின்றது. கட்டைவிரலில் சின்னப் புண். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் கத்தினால், "எத்தினி பேர நிமித்தின காலு, அதுக்கு இன்னா ஆயிடும்?" என்று சிரித்தாய். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு உன் வாசலில் யாரும் படுக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாய். சோறு இறங்கவில்லை. "இனிமே நான் எதுக்குடி?" என்று கேட்டாய்.

மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சந்தே கேட்கும்படி "ஐயோ அம்மா" என்று கூவிக்கொண்டே வந்து உன் கட்டிலடியில் விழுந்தேன்.

"எந்தக் காலால நீவுறது? அதான் போச்சே."

"இன்னொண்ணு இருக்குதில்ல? அது மட்டும் இன்னா, தலையோட சேந்தா வந்துச்சி?"

இடது காலை நீட்டினாய். நடுங்கியது. நீவினாய். கடைசி உதை மட்டும் நன்றாகவே விழுந்தது. நான் நடிக்கிறேன் என்று தெரிந்துவிட்டது உனக்கு.

எழுந்து போனவள், வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டேன். அந்தக் காலை மடியில் போட்டு, கைக்குழந்தையைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

அதன் பிறகு எதிர்வீட்டுக்காரி வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அந்த மழைக்காலம் தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று நிஜமாகவே பிடித்திருக்கிறது. அன்று திரும்பிப் பார்த்ததுதான் காரணமோ என்னவோ. இருந்துவிட்டுப் போகட்டும். பார்க்காமல் போயிருந்தால், உன்னுடைய அந்த முகம் எனக்குக் கிடைத்திருக்காது.